ஆபீஸ் சாரிட்டி பாக்ஸிங்குக்கு பேர் குடுக்கலாமா? ஆடினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பிப்ரவரி 9, கேள்வி

எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் நிதி திரட்ட ஒரு டின்னர் நடக்கும். இந்த தடவை பாட்டுக் கச்சேரிக்கு பதிலா பாக்ஸிங்காம். வர்றவங்க எல்லாம் கறுப்பு கோட்டு, போ டை. நடுவுல ரிங். சுத்தி டேபிள் போட்டு சாப்பாடு ஓடிட்டு இருக்கும், ஆறு ஜோடி ஸ்டாஃப் மேல ஏறி மோதணும். எட்டு வாரம் ட்ரெயினிங் அவங்களே தர்றாங்க. வசூல் கேன்சர் ஆராய்ச்சிக்கு. எனக்கு 33 வயசு, காலேஜ்ல ஃபுட்பால் ஆடினதோட சரி. ஹெட்கார்ட் உண்டு, க்ளவுஸ் தலகாணி சைஸ்ல இருக்கு, ரெண்டு நிமிஷ ரவுண்டு மூணே மூணுதான். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்றேன், வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஆடினவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 9, ராத்திரி

நான் ஆடிருக்கேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசில, 41 வயசுல. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட், நாள் பூரா உக்காந்தே வேலை, தொப்பை வேற. ஜெயிச்சேன், அதையும் சொல்லிடறேன்.

தாராளமா பேர் குடுங்க தம்பி. எட்டு வாரத்துல எனக்கு ஆறு கிலோ குறைஞ்சுது, தூக்கம் நல்லா வந்துச்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது நின்னுச்சு. முதல் நாள் போனா கோச் பஞ்ச் பேக் பக்கமே விடமாட்டார், கால் வைக்கத்தான் சொல்லித் தருவார். இடது கால் முன்னாடி, வலது கால் பின்னாடி, குதிகால் லேசா தூக்கி, கன்னத்த தோள்பட்டைக்குள்ள புதைச்சு, ரெண்டு கையும் தாடைகிட்ட. இப்படி நின்னு முன்னாடி பின்னாடி நகர்றதுக்கே ரெண்டு வாரம் ஓடிருச்சு, ஏன்னா காலக் குறுக்க வச்சிட்டா சும்மா தள்ளினாலே விழுவோம். அப்புறம் ஜாப். முன்கையால நேரா ஒரு குத்து, உடனே கைய அதே வழியா திருப்பிக் கொண்டாரணும். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்றது இந்த ஜாபுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும்.

கையில சுத்துற துணி இருக்கே, நாலரை மீட்டர் நீளம், கட்டை விரல்ல மாட்டி மணிக்கட்டுல மூணு சுத்து, முட்டில மூணு சுத்து, விரலிடுக்குல ஒண்ணொண்ணு. சரியா சுத்தத் தெரிய எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அத வாரம் முழுக்க பைக்குள்ளயே போட்டு வச்சு திறந்து பாத்தா வர்ற நாத்தம் இருக்கே, எதிராளி தேவையே இல்ல, மோந்து பாத்தா நாமளே நாக் அவுட்.

ஹெட்கார்ட் விஷயத்துல நீங்க சொன்னது சரிதான், நல்லாவே பாதுகாப்பு.

பிப்ரவரி 10

கடைசி வரிய வாபஸ் வாங்கிக்கறேன். ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டு திட்டினார், அவர் திட்டினது நியாயம்.

ஹெட்கார்ட் புருவம் கிழியறத, காது வீங்கறத, தலையும் தலையும் முட்டிக்கறத தடுக்கும். மூளைக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது. குத்து வாங்கினா தலை சட்டுன்னு திரும்புதில்ல, அப்ப மண்டையோட்டுக்குள்ள மூளை குலுங்கும், அந்தக் குலுக்கல வெளிய சுத்தின பஞ்சு எப்படி நிறுத்தும்? அமெச்சூர் குத்துச்சண்டையோட உலக அமைப்பே 2013ல பெரிய ஆம்பளைங்க போட்டில ஹெட்கார்டை எடுத்துட்டாங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆண்கள் எல்லாரும் வெறும் தலையோடதான் ஆடினாங்க, பெண்களுக்கு மட்டும் விட்டு வச்சிருந்தாங்க. எடுத்தது சரியா தப்பான்னு இன்னும் சண்டை போயிட்டிருக்கு. ஆனா ஹெட்கார்ட் போட்டா மூளை பத்திரம்னு நம்பிட்டு ரிங்ல ஏறக்கூடாது, அவ்வளவுதான்.

தலகாணி க்ளவுஸும் அதே கதை. 16 அவுன்ஸ், ஒரு கைக்கு கிட்டத்தட்ட 450 கிராம். அது முதல்ல காப்பாத்தறது குத்தறவன் விரலத்தான். வெறும் கையால ஒருத்தன் நெத்தில ஓங்கிக் குத்திப் பாருங்க, உடையறது உங்க கை எலும்பு. க்ளவுஸ் மாட்டினா அந்த பயம் போயிரும், அதனால தலையில இன்னும் தைரியமா, இன்னும் நிறைய தடவை குத்தலாம். இது புரிய எனக்கு ஆறு வாரம் ஆச்சு.

பிப்ரவரி 10, மத்தியானம்

லிஃப்ட்ல யாரும் இல்லன்னு நினைச்சு கண்ணாடியப் பாத்து ஜாப் ஜாப் கிராஸ் போட்டுட்டு இருந்தேன், ஒவ்வொரு குத்துக்கும் வாயால ஸ்ஸ் ஸ்ஸ்னு சத்தம் வேற. அஞ்சாவது மாடில கதவு திறந்திருக்கு, நான் கவனிக்கல. வெளிய எங்க எச்ஆர் மேடம் ஃபைலோட நிக்கறாங்க. அவங்க ஏறல. "நான் படில வரேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பிப்ரவரி 12

"சாப்பிட்டுக்கிட்டே ரெண்டு பேர் அடிச்சுக்கறதப் பாக்கறது அசிங்கமா இல்லயா, ரோம்காரன் காலமா இது"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க.

ரோம் வரைக்கும் போக வேண்டாம். லண்டன்ல நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்னு ஒண்ணு 1891ல ஆரம்பிச்சாங்க. மெம்பருங்க டின்னர் கோட்டு போட்டுட்டு வருவாங்க, சாப்பிட்டு முடிச்சுட்டு குத்துச்சண்டை பாப்பாங்க. கேலரில தொழிலாளிங்க கத்தற விளையாட்ட பெரிய மனுஷங்க ஹாலுக்குள்ள கொண்டாந்தது அவங்கதான்னு சொல்லலாம், சாம்பியன்களுக்கு லான்ஸ்டேல் பெல்ட் குடுக்கற வழக்கமும் 1909ல அங்கதான் ஆரம்பிச்சுது. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒரு விஷயம். ரவுண்டு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது. நெனச்சுப் பாருங்க, அவ்ளோ பெரிய ஹால்ல கால் தேய்க்கற சத்தமும் குத்து விழற சத்தமும் மட்டும்.

ஆனா அங்க ரிங்ல இருந்தவன் தொழில்காரன், சுத்தி இருந்தவன் காசுக்காரன். இப்ப நாம பேசறதுல காசுக்காரனே ரிங்ல ஏறிட்டான். அது நியூயார்க்ல க்ளீசன்ஸ் ஜிம்ல ஆரம்பிச்ச விஷயம். 1937லேர்ந்து இருக்கற பழைய ஜிம், பெரிய பெரிய சாம்பியன்கள் வேர்வை சிந்தின இடம். எண்பதுகள்ல வக்கீல், டாக்டர், ஷேர் மார்க்கெட் ஆளுங்கன்னு ஒவ்வொருத்தரா உடம்பக் குறைக்க வர ஆரம்பிச்சாங்க. குறைச்சவனுக்கு சும்மா இருக்க முடியுமா, எப்ப சண்டைன்னு கேட்டான். 1988ல முதல் போட்டின்னு சொல்றாங்க. வெள்ளைக்காலர் பாக்ஸிங்ங்கற பேரும் அப்படித்தான் ஒட்டிக்கிச்சு. அந்த ஆரம்ப கால போட்டிகள்ல ஜெயிச்சவன் தோத்தவன்னு அறிவிக்க மாட்டாங்களாம், முடிஞ்சதும் ரெண்டு பேர் கையையும் தூக்கிருவாங்க.

எனக்கு ஒரு கைதான் தூக்கினாங்க. என் கைய.

பிப்ரவரி 13

மூச்சு. இத எழுத மறந்துட்டேன், எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்.

ரெண்டு நிமிஷம் என்ன பெரிய விஷயம்னு நினைப்பீங்க. மேல ஏறினதும் லைட்டு மூஞ்சில அடிக்கும், உங்க பேரக் கத்துவாங்க, உடம்பு பூரா ஜிவ்வுன்னு ஏறும், மூச்சப் புடிச்சுக்கிட்டு முதல் முப்பது செகண்ட்ல இருக்கற குத்தெல்லாம் குத்தித் தீத்துருவீங்க. அப்புறம் கை ரெண்டும் ஈயக் குண்டு. தூக்கவே வராது. கை இறங்கினா மூஞ்சி காலி.

ட்ரூடோ கதை தெரியுமா? ஜஸ்டின் ட்ரூடோ கனடா பிரதமர் ஆகறதுக்கு முன்னாடி, 2012 மார்ச் 31, ஒட்டாவால கேன்சர் நிதிக்காக ஒரு பாக்ஸிங். எதிர்ல பேட்ரிக் பிரேசோன்னு ஒரு செனட்டர். ராணுவத்துல இருந்தவர், கராத்தேல கறுப்பு பெல்ட், கை ஒவ்வொண்ணும் உலக்கை மாதிரி. பந்தயம் கட்டினவங்க எல்லாம் அவர் பக்கம்தான். முதல் ரவுண்டுல பிரேசோ வீசின வீச்சு இருக்கே, ட்ரூடோ செத்தார்னு நினைச்சிருப்பாங்க. ஆனா அவர் உயரமான ஆளு, நீட்டுக் கை, ஜாப் போட்டுட்டே தாக்குப் பிடிச்சார். ரெண்டாவது ரவுண்டுல பிரேசோவுக்கு மூச்சு தீந்துருச்சு. மூணாவதுல ரெஃபரி நிறுத்திட்டார், ட்ரூடோ ஜெயிச்சார். தோத்தவர் முடிய ஜெயிச்சவர் வெட்டணும்னு பந்தயம் வேற, பிரேசோவோட நீள முடிய பின்னாடி கேமரா முன்னாடி வெட்டினாங்க.

கறுப்பு டை நைட்டுன்னா அமெரிக்க அரசியல்வாதி மிட் ராம்னியும் ஆடிருக்கார். 2015 மே, சால்ட் லேக் சிட்டி, ஏழைங்களுக்கு கண் ஆபரேஷன் பண்ற ஒரு அமைப்புக்காக. எதிர்ல யாரு? எவாண்டர் ஹோலிஃபீல்ட். நெசமான ஹெவிவெயிட் சாம்பியன். ராம்னிக்கு 68 வயசு. ரெண்டாவது ரவுண்டுல ஓட்டம் புடிச்சு அவரே போதும்னுட்டார், ஹால் முழுக்க சிரிப்பு. அது விளையாட்டு, ரெண்டு பேருக்கும் அது விளையாட்டுன்னு தெரியும். அந்த மாதிரி நடந்தா பிரச்சனையே இல்ல. எங்க பிரச்சனை, நாங்க ரெண்டு பேரும் நெசம்னு நம்பிட்டோம்.

பிப்ரவரி 13, கொஞ்ச நேரம் கழிச்சு

"யாரு உங்க எதிராளி, சொல்லவே இல்லயே?" சொல்றேன். அக்கவுண்ட்ஸ்ல ஒரு அண்ணன். 44 வயசு, என்னவிட அமைதியான ஆள். என் பில்லெல்லாம் அவர் டேபிள் வழியாத்தான் போகும். என் உயரம்தான், எடை ஒரு கிலோ கூட. அதான் ஜோடி சேத்தாங்க.

எடை மட்டும் பாத்து ஜோடி சேக்கறது பாதி வேலைதான் தம்பி. வயசு என்ன, கை நீளம் என்ன, இடது கைக்காரனா, இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் ஆடிருக்கானா, இதெல்லாம் பாக்கணும். எங்க பேட்ச்ல ஒருத்தன் "நான் புதுசு"ன்னுதான் வந்தான். மூணாவது வாரம்தான் தெரிஞ்சுது, காலேஜ்ல நாலு வருஷம் கிக் பாக்ஸிங். கோச் அவன தனியாக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினார். உங்க கோச் கேக்கலன்னா நீங்களே கேளுங்க.

பிப்ரவரி 15

வசூல் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. டேபிள் வித்த காசு, ஏலம், ராஃபிள்னு குலுக்கல் சீட்டு, நாம ஆள் ஆளாப் போய் கேட்டு வாங்கற நன்கொடை, இதான் வரவு. செலவு? ஹால், ரிங் வாடகை, லைட்டு, டாக்டர், ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ், சாப்பாடு. நன்கொடை நேரா சாரிட்டிக்குப் போகுதா, இல்ல செலவு கழிச்சு மிச்சம்தான் போகுதான்னு முதல்லயே எழுத்துல கேளுங்க. எங்களுக்கு நடத்தினவங்க, பேர் வேண்டாம், கணக்கு குடுக்க அஞ்சு மாசம் இழுத்தாங்க. கடைசில கேட்டு வாங்கினதே அந்த அக்கவுண்ட்ஸ் அண்ணன்தான். அதுல ராஃபிள் காசு ரெண்டு தடவை ஏறியிருந்தத கண்டுபிடிச்சதும் அவர்தான். அவ்ளோ அடி வாங்கியும் கணக்குல மனுஷன் ஸ்ட்ராங்கு.

(இந்த ஜோக்க அப்புறம் வாபஸ் வாங்கறேன், கீழ பாருங்க.)

இன்னொண்ணு. நான் ரெண்டு டேபிள் வித்தேன், ரெண்டும் எங்களுக்கு சரக்கு சப்ளை பண்றவங்ககிட்ட. அவங்க வேண்டாம்னு சொல்ல முடியுமா? அப்ப எனக்கு அது தோணவே இல்ல. நல்ல காரியம்னு சொல்லிட்டா எதுவும் தோணாது.

பிப்ரவரி 18

சரி, சண்டைய சொல்றேன். "ஜெயிச்சேன்"னு முதல் நாளே எழுதினேன்ல, அத எழுதினதுலேர்ந்து உறுத்துது.

முதல் ரவுண்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. கோழிச்சண்டை. வாயில பல்லக் காக்கற கம் ஷீல்டு, மூச்சு விட வழி இல்லாம எச்சில் ஒழுகுது. மணி அடிச்சு மூலைல உக்காந்தா கோச் ஏதோ சொல்றார், எனக்குக் கேட்டதெல்லாம் பக்கத்து டேபிள்ல ஐஸ்க்ரீம் கிண்ணத்துல ஸ்பூன் படற சத்தம். கிங் கிங்னு. ஒரு பொம்பள யார்கிட்டயோ கார் எங்க நிறுத்திருக்குன்னு கேக்கறாங்க. எனக்கு அவ்ளோ தெளிவா கேக்குது, கோச் குரல் மட்டும் கேக்கல.

ரெண்டாவது ரவுண்டு. ஜாப் போட்டேன், அண்ணன் அதப் பாத்து வலது கைய இறக்கினார், நான் பக்கவாட்டுல ஹுக் வீசினேன். பாத்து வீசல, தம்பி. சும்மா வீசினது. காதுக்குக் கீழ தாடையில பட்டுச்சு. சத்தம் பெருசா இல்ல. ஆனா அவர் முழங்கால் ரெண்டும் ஒரு செகண்டு இல்லாமப் போச்சு. விழல. கயிறப் புடிச்சு நின்னார். ரெஃபரி என்ன ஓரமாப் போகச் சொல்லிட்டு எட்டு வரைக்கும் எண்ணினார், கண்ணப் பாத்தார், "கை தூக்கு, முன்னாடி வா"ன்னார். அண்ணன் கை தூக்கினார். முன்னாடி வந்தார். ரெஃபரி ஆட விட்டுட்டார்.

ரெஃபரி பாத்தது அவர் கையத்தான். நான் பாத்தது அவர் கண்ண. ரெண்டு வருஷமா அவர் டேபிள் முன்னாடி நின்னு பில்லுக்குக் கெஞ்சிருக்கேன், அவர் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அது என்னத் தாண்டி பின்னாடி எங்கயோ பாத்துட்டு இருந்துச்சு.

அப்ப நான் நிறுத்திருக்கணும். சும்மா கட்டிப் புடிச்சு ரவுண்ட ஓட்டியிருக்கலாம். ஹால் பூரா எந்திரிச்சு நிக்குது, எங்க டைரக்டர் போ டைய அவுத்து கையில சுத்திக்கிட்டு "முடிச்சு விடு முடிச்சு விடு"ன்னு கத்தறார். நான் போனேன். போய் மூணு குத்தோ நாலு குத்தோ. எல்லாம் பட்டுச்சு. மணி அடிச்சுது. மூணாவது ரவுண்டு அவர் என்மேல சாஞ்சு சாஞ்சே ஓட்டினார். நடுவருங்க என்ன ஜெயிக்க வச்சாங்க. கட்டிப் புடிச்சோம், ஃபோட்டோ எடுத்தாங்க, அது இன்னும் ரிசப்ஷன்ல மாட்டியிருக்கு.

அந்த பழைய கிளப்ல ஏன் பேசக்கூடாதுன்னு வச்சாங்கன்னு எனக்கு ஒரு யோசனை. அவங்க காரணம் வேறயா இருக்கும், மரியாதை, கௌரவம், ஏதோ ஒண்ணு. ஆனா அன்னிக்கு ஹால் அமைதியா இருந்திருந்தா நான் அந்த மூணு குத்து குத்திருப்பேனான்னு தெரியல.

பிப்ரவரி 18

"ரெஃபரி விட்டார், நீங்க ஆடினீங்க, இதுல உங்க தப்பு என்ன, இது விளையாட்டு"ன்னு மேல ஒருத்தர். சரி. தொழில்முறைல ஆடறவனுக்கு அது வேலை. அவனுக்கு எப்ப மண்டியிடணும்னு தெரியும், மூலைல இருக்கறவனுக்கு எப்ப டவல் வீசி சண்டைய நிறுத்தணும்னு தெரியும். எட்டு வாரம் பழகினவனுக்குக் குத்தத் தெரியும், குத்து வாங்கத் தெரியாது. வாங்கத் தெரிய வருஷக்கணக்காகும். எங்க மூலைல டவலோட நின்னது யாரு தெரியுமா? மார்க்கெட்டிங்ல ஒரு பையன். அவன் அந்த டவல்ல வேர்வ தொடைச்சான், அவ்ளோதான்.

பிரிட்டன்ல இந்த மாதிரி அலுவலகக்காரங்க போட்டி ரொம்ப நடக்குது, எட்டு வாரம் பழக்கி ஏத்தறாங்க. 2014லயும் 2022லயும் ஆடிட்டு இறந்தவங்க உண்டு. இங்கிலாந்தோட அமெச்சூர் குத்துச்சண்டை அமைப்பு இத அங்கீகரிக்கல, அவங்க கோச்சுங்க இதுல கலந்துக்கக் கூடாதுன்னும் சொல்லிருக்காங்க. உலக மருத்துவ சங்கம் பாக்ஸிங்கயே தடை பண்ணணும்னு 1983லயே சொன்னது. அதெல்லாம் முழுசா ஒத்துக்கணும்னு சொல்லல. எனக்கு இன்னும் ஜிம் பிடிக்கும், இன்னும் வாரம் ரெண்டு நாள் பேக் அடிக்கறேன்.

பிப்ரவரி 19

அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு ஒருத்தர் போட்டிருக்கார். சிரிச்சேன். ஆனா இங்க அடியும் அண்ணனும் ஒண்ணாயிருச்சேய்யா.

பிப்ரவரி 20

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், வீட்ல கூட சொன்னதில்ல.

போட்டிக்கு ஒன்பது நாள் முன்னாடி ஸ்பாரிங்ல, அதான் ப்ராக்டீஸ் சண்டைல, எனக்கே ஒண்ணு பலமா விழுந்துச்சு. மயக்கம் எல்லாம் இல்ல. ராத்திரி தலைவலி, மறுநாள் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனப் பாத்தா கண்ணு கூசுது, லைட்டா குமட்டல். மூணு நாள் இருந்துச்சு. மயக்கம் போட்டாத்தான் மூளைல அடின்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல, பெரும்பாலும் மயக்கமே வராது. தலைவலி, வெளிச்சம் கூசறது, வார்த்தை சிக்காம போறது, எரிச்சல், இதுதான் அடையாளம். அது முழுசா சரியாகறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா ஆபத்து ரொம்ப அதிகம். போட்டி அன்னிக்கு டாக்டர் வந்து பிரஷர் பாத்தார், கண்ணுல டார்ச் அடிச்சார், "சமீபத்துல தலையில அடி, தலைவலி ஏதும் உண்டா?"ன்னு கேட்டார்.

இல்லன்னு சொன்னேன். ரெண்டு டேபிள் வித்திருக்கேன்ல.

எனக்குப் பின்னாடி லைன்ல நின்னது அக்கவுண்ட்ஸ் அண்ணன்.

பிப்ரவரி 23

தம்பி கேட்ட கேள்விக்கு: எடை குறைக்கணும்னு கடைசி நாள் தண்ணி குடிக்காம இருக்கறது, ரெயின்கோட் போட்டு ஓடறதெல்லாம் செய்யவே கூடாது. உடம்புல தண்ணி வத்தினா மூளைக்கும் நல்லதில்ல, அடி வாங்கற நேரத்துல முக்கியமா. கூட ரெண்டு கிலோ இருந்தா இருக்கட்டும்னு சொல்லுங்க, உலக பட்டமா போகப்போகுது?

பிப்ரவரி 26

நேத்து அண்ணனோட டீ குடிக்கும்போது இந்தப் பக்கத்த அவர்கிட்ட காமிச்சேன். நாலு நாளா காட்டலாமா வேணாமான்னு யோசிச்சது. மன்னிப்பு கேக்கற மாதிரியும் ஆச்சு, நேர்ல சொல்ற தைரியம் இல்லாததுக்கு ஒரு வழியும் ஆச்சுன்னு.

ஃபோன வாங்கி மெதுவா படிச்சார். லிஃப்ட் கதைக்கு சிரிச்சார். ராஃபிள் கணக்குக்கு "மூணு தடவை ஏறியிருந்துச்சு, ரெண்டு இல்ல"ன்னு திருத்தினார். 18ம் தேதி எழுதினதுக்கு வந்ததும் நிறுத்தி திரும்ப ஒரு தடவை படிச்சார். அப்புறம் கேக்கறார், "மூணாவது ரவுண்டுன்னு எழுதியிருக்க? நாம ரெண்டுதானப்பா ஆடினோம். ரெண்டாவதோட நிறுத்திட்டாங்கல்ல?"

விளையாடறார்னு நினைச்சேன். இல்ல. வீடியோ என்கிட்ட இருக்கு, போட்டுக் காமிச்சேன். மூணாவது ரவுண்டு முழு ரெண்டு நிமிஷமும் பாத்தார். அவரே அவர யாரோ மாதிரி பாத்துட்டு இருந்தார். "இதுல நான் நல்லாத்தான் நிக்கறேன்"னார். ஃபோட்டோ எடுத்ததும் ஞாபகம் இல்லயாம். வீட்டுக்கு எப்படிப் போனார்னு கேட்டேன். "கார்லதான்"னார். யார் ஓட்டினதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "நான்தான் ஓட்டிருப்பேன்"னார்.

பிப்ரவரி 27

டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னதுக்கு "வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சு, இப்ப போய் என்ன"ங்கறார். செவ்வாய்க்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்.

ராஃபிள் ஜோக்க வாபஸ் வாங்கிட்டேன்.

மார்ச் 2

தம்பி பேர் குடுத்துட்டாராம். மனசு மாறல. சரி, உங்க இஷ்டம். அப்ப இத மட்டும் செய்யுங்க. கம் ஷீல்டு கடையில வாங்கினத வெந்நீர்ல போட்டு எடுத்து கடிச்சு, பல்லுக்கு சரியா அச்சு பதியணும், வாயத் திறந்தா கீழ விழக்கூடாது. ஸ்பாரிங் வாரம் ஒண்ணுக்கு மேல வேண்டாம், பாதி பலத்துல போதும். ஆடிட்டு நீங்க வண்டி ஓட்டக்கூடாது, அன்னிக்கு ராத்திரி தனியாவும் இருக்கக்கூடாது. வீட்ல யார்கிட்டயாச்சும் தலைவலி, வாந்தி, குழறல்னா உடனே ஆஸ்பத்திரின்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. டாக்டர் கேட்டா உண்மைய சொல்லுங்க. டவலப் புடிச்சு நிக்கறதுக்கு உங்களத் தெரிஞ்ச ஆள கூட்டிட்டுப் போங்க, உங்க கண்ணு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளா இருக்கணும். யாரும் இல்லன்னா தேதி சொல்லுங்க, நான் வரேன். கோட்டு எங்கிட்ட இருக்கு, போ டை மட்டும் கட்டத் தெரியாது, கிளிப் வச்சதுதான்.